கண்ணுக்குள் ஒரு தொட்டிக் கணக்கு

(பழைய மாணவன் ஒருவன், பி.எஸ்ஸி. கணிதம், 2006–09)



சந்திப்பு மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று மலர்க்குழு நண்பர் போனில் கேட்டபோது, "எனக்கு பம்ப்பைத் தவிர ஒண்ணும் தெரியாதே மாப்ளே" என்றேன். "அப்போ பம்ப்பைப் பத்தியே எழுது" என்று சொல்லி வைத்துவிட்டார். ஆகவே இது பம்ப்பைப் பற்றிய கட்டுரைதான். ஆனால் கோயம்புத்தூரில் நான் வேலை பார்க்கும் பம்ப் அல்ல. நீங்கள் இதைப் படித்துக்கொண்டிருக்கும் இந்த நிமிஷத்திலும் உங்கள் இரண்டு கண்ணுக்குள்ளும் ஓடிக்கொண்டிருக்கும் பம்ப். அதைக் கணக்கில் அடக்கிய மனிதர்களின் வரலாறு. அந்தக் கணக்கு எங்கள் வீட்டுக்கு எப்படி வந்தது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

தொட்டிக் கணக்கு

இரண்டாம் ஆண்டில் வகைக்கெழுச் சமன்பாடுகள் நடத்திய நம் கணிதப் பேராசிரியரை என் வகுப்பு நண்பர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஒரு தொட்டி, மேலே ஒரு குழாய் நிரப்புகிறது, கீழே ஒரு குழாய் காலி செய்கிறது, நீர்மட்டம் எங்கே போய் நிற்கும்? இதுதான் அவர் கரும்பலகையில் முதல் நாள் எழுதிப் போட்ட கணக்கு. பின்பெஞ்சிலிருந்து நம் நண்பன் ஒருவன், "சார், யார் சார் கீழ தொறந்து விட்டுட்டு மேல தண்ணி ஊத்துவா?" என்று கேட்க, வகுப்பே சிரித்தது. சாரும் சிரித்துவிட்டு, "உக்காந்து போடுலே" என்றார்.

போட்டோம். ஐந்து மார்க் வாங்கினோம். அத்தோடு மறந்தோம். கீழே திறந்துவிட்டு மேலே ஊற்றும் தொட்டி ஒன்று என் அப்பாவின் கண்ணுக்குள் இருக்கிறது என்பதும், அதன் கீழ்க்குழாய் அந்த நாட்களிலேயே அடைபட ஆரம்பித்திருக்கலாம் என்பதும் எனக்கு அப்போது தெரியாது.

அப்பா விசைத்தறித் தொழிலாளி. சங்கரன்கோவிலில் விசைத்தறிச் சத்தம் இல்லாத தெருவைத் தேடித்தான் பார்க்க வேண்டும் என்பது நம் அனைவருக்கும் தெரியும். இரண்டு தறிகளுக்கு நடுவே நின்று இரண்டையும் பார்த்துக்கொள்வார். 2014, 2015 வாக்கில் இடது பக்கத் தறியில் இழை அறுந்தது தெரியாமல் ஓட விட்டுவிடுகிறார் என்று முதலாளி குறை சொன்னார். வீட்டில் நிலைப்படியில் இடது தோள் இடித்துக்கொள்வார். சைக்கிளில் போகும்போது பக்கத்தில் வரும் ஆட்டோ தெரியவில்லை என்பார். "வயசாயிட்டுல்லா" என்று அம்மா சொன்னார்கள். நாங்களும் அதையே சொன்னோம். கண்ணாடிக் கடையில் பவர் மாற்றிக் கொடுத்தார்கள். எழுத்து நன்றாகத் தெரிந்தது. எழுத்து நன்றாகத் தெரிந்ததே வினையாகப் போயிற்று.

2016-ல் ஒரு கண் முகாமில்தான் விஷயம் வெளிப்பட்டது. அப்பாவின் இடது கண்ணில் நடுவில் ஒரு சாவித்துவாரம் அளவே பார்வை மிஞ்சியிருந்தது. வலது கண்ணிலும் ஓரங்கள் தேய ஆரம்பித்திருந்தன. குளுக்கோமா, அதாவது கண் நீர் அழுத்த நோய். "போன பார்வை திரும்பாது, இருக்கிறதைக் காப்பாத்தலாம்" என்று டாக்டர் சொன்னபோது அப்பாவுக்கு வயது 58. நானோ தினமும் எட்டு மணி நேரம் நீரின் அழுத்தத்தை அளப்பவன். சொந்த அப்பாவின் கண்ணில் ஏறிய அழுத்தத்தை என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. அந்த வெட்கத்தில் படிக்க ஆரம்பித்ததுதான் கீழே வருவதெல்லாம்.

கண்ணீர் வேறு, கண்நீர் வேறு

அழும்போது வருவது கண்ணீர். அது கண்ணுக்கு வெளியே உள்ளது. நான் சொல்லும் நீர் கண்ணுக்கு உள்ளே, கருவிழிக்கும் லென்சுக்கும் இடைப்பட்ட அறையில் இருக்கிறது. டாக்டர்கள் அக்வஸ் ஹியூமர் என்பார்கள். கருவிழியிலும் லென்சிலும் ரத்தக் குழாய் கிடையாது. இருந்தால் ஒளி ஊடுருவாது. ரத்தம் போக முடியாத அந்த இடத்துக்கு உணவு கொண்டுபோவதும், கழிவை எடுத்து வருவதும், கண் உருண்டை தளர்ந்துவிடாமல் பந்துபோல நிறுத்தி வைப்பதும் இந்த நீரின் வேலை.

கண்மணியைச் சுற்றியுள்ள ஐரிஸ் திரைக்குப் பின்னால் சிலியரி உறுப்பு என்று ஒரு வளையம் உண்டு. நீர் ஊறுவது அங்கே. ஊறிய நீர் கண்மணித் துவாரம் வழியாக முன்னறைக்கு வந்து, ஐரிஸும் கருவிழியும் சேரும் மூலையில் உள்ள ஒரு சல்லடைத் திசு வழியாகக் கசிந்து, ஷ்லெம் கால்வாய் என்ற நுண்குழாய்க்குள் இறங்கி, ரத்த நாளங்களில் கலந்துவிடுகிறது.

அளவைக் கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். பகலில் நிமிஷத்துக்குச் சுமார் 2.5 மைக்ரோலிட்டர் ஊறுகிறது. ஒரு சொட்டுத் தண்ணீர் ஏறக்குறைய 50 மைக்ரோலிட்டர். அப்படியானால் ஒரு மணி நேரத்துக்கு மூன்று சொட்டு. ஒரு நாள் முழுக்க ஊறினாலும் ஒரு டீஸ்பூன் நிறையாது. முன்னறையின் கொள்ளளவு சுமார் 250 மைக்ரோலிட்டர். ஆக 100 நிமிஷத்துக்கு ஒருமுறை தொட்டி முழுதும் புதுத் தண்ணீர். நம்மூர்க் குளங்கள் வருஷத்துக்கு ஒருமுறை நிறைந்து மறுகால் பாய்ந்தாலே திருவிழா. இந்தக் குளம் ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு முறை மாறுகிறது.

ஓடுகிறதா, நிற்கிறதா?

இந்த நீர் ஓடுகிறது என்று ஒப்புக்கொள்ள உலகத்துக்கு நூறு வருஷத்துக்கும் மேலாயிற்று. ஜெர்மனியின் ஷ்லெம் தம் பெயரைத் தாங்கிய கால்வாயை 1830-ல் விவரித்தார். 1873-ல் லெபர் என்ற அறிஞர், நீர் அந்த வழியாகவே வடிகிறது என்று சோதனைகளால் காட்டினார். ஆனாலும் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அந்த நீர் தேங்கிக் கிடப்பது, ஓடுவதே இல்லை என்று வாதிட்ட பெரிய டாக்டர்கள் இருந்தார்கள். 1942-ல் கார்ல் ஆஷர், கண்ணின் வெள்ளைப் பகுதியில் ரத்தத்துக்குப் பதில் தெளிந்த நீர் ஓடும் சின்னஞ்சிறு நாளங்களை உயிருள்ள மனிதர்களின் கண்ணிலேயே பார்த்து எழுதினார். நீர் வெளியேறுவதைக் கண்ணால் கண்ட பிறகு வாதத்துக்கு அதிகம் இடமில்லாமல் போயிற்று.

அடுத்த கேள்விதான் என் போன்ற பம்ப்காரனுக்குச் சுவையானது. நீர் எப்படி ஊறுகிறது? ரத்த அழுத்தம் தள்ளுவதால் துணியில் வடிகட்டுவது போல வடிகிறதா? அல்லது உயிரணுக்கள் கூலி வாங்கிக்கொண்டு சுமந்து வந்து கொட்டுகின்றனவா? வடிகட்டல் என்றே பல காலம் பலர் நம்பினார்கள். ஆனால் கணக்கு உதைத்தது. கண்நீரில் வைட்டமின் சி, ரத்த நீரில் இருப்பதைப் போலப் பல மடங்கு, ஏறக்குறைய 20 மடங்கு இருக்கிறது. வடிகட்டினால் சரக்கு குறையலாம், கூடுமா? பின்னர் 1954-ல் அமெரிக்காவின் பெர்னார்ட் பெக்கர், அசெட்டசோலமைடு என்ற மாத்திரை கண் அழுத்தத்தைக் குறைப்பதைக் காட்டினார். ஓர் என்சைமைத் தடுத்தால் ஊற்று குறைகிறது என்றால், அது வெறும் வடிகட்டி அல்ல. உயிரணுக்கள் உப்பை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குக் கடத்துகின்றன. உப்புக்குப் பின்னால் தண்ணீர் போகிறது என்பதே இன்று நாம் அறிந்தது.

இதில் என்ன பெரிய வித்தியாசம் என்று தம்பிகள் கேட்கலாம். பெரிய வித்தியாசம் உண்டு. கிணற்றில் வைக்கும் சென்ட்ரிபியூகல் பம்ப், எதிர் அழுத்தம் ஏற ஏறத் தண்ணீரைக் குறைத்துக்கொள்ளும். வால்வை முழுக்க அடைத்தால் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும், குழாய் வெடிக்காது. பிஸ்டன் பம்ப் அப்படியல்ல. எதிரே என்ன அழுத்தம் இருந்தாலும் அது தள்ளுவதைத் தள்ளியே தீரும். அடைத்தால் எங்கேயாவது வெடிக்கும். ஊற்று வெறும் வடிகட்டலாக இருந்தால் சென்ட்ரிபியூகல் பம்ப் போல நடந்துகொள்ளும்: அழுத்தம் ஏறினால் ஊற்று தானே குறையும், கண் தப்பித்துவிடும். ஆனால் கண்ணின் பம்ப் பெரும்பாலும் பிஸ்டன் பம்ப்பின் குணம் கொண்டது. வடிகால் அடைபட்டாலும் அது ஏறக்குறைய அதே அளவு ஊறிக்கொண்டே இருக்கிறது. குளுக்கோமாவின் துயரம் பெரும்பாலும் இந்த ஒரு குணத்தில்தான் இருக்கிறது. நீர் அதிகம் சுரப்பதால் வரும் நோய் அல்ல அது. வடிகால் மக்கர் செய்தும் ஊற்று நிற்காததால் வருவது.

ஒரு வரிச் சமன்பாடு

சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் கண் மருத்துவராக இருந்த ஹான்ஸ் கோல்ட்மேன், 1950-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இந்த ஓட்டத்தை ஒரே வரியில் எழுதினார். பின்னர் 1960-களில் ஸ்வீடனின் ஆண்டர்ஸ் பில், சல்லடை வழி போகாமல் கண்ணின் தசைகளுக்கிடையே கசியும் இன்னொரு பக்கவழியும் உண்டு என்று காட்டியதால் அந்த வரியில் ஓர் எழுத்து கூடியது. தமிழ் எழுத்துகளிலேயே எழுதுகிறேன்:

உ = வ × (அ − ந) + ப

உ என்பது நிமிஷத்துக்கு ஊறும் நீர். அ கண்ணுக்குள் உள்ள அழுத்தம். ந என்பது நீர் போய்ச் சேரும் நாளத்தின் அழுத்தம். வ வடிதிறன், அதாவது சல்லடை எவ்வளவு தாராளமாக விடுகிறது என்ற அளவு. ப பக்கவழியில் போகும் நீர். மாற்றி எழுதினால்:

அ = ந + (உ − ப) ÷ வ

நம் சாரின் தொட்டிக் கணக்கேதான்! நீர்மட்டம் நிலைத்து நிற்கும்போது உள்ளே வருவதும் வெளியே போவதும் சமம். அவ்வளவே.

ஒரு மாதிரிக்கு எண்களைப் போட்டுப் பார்ப்போம். உ 2.5, ப 0.7, வ 0.3, ந 9 என்று வைத்துக்கொள்ளுங்கள். 1.8-ஐ 0.3-ஆல் வகுத்தால் 6. அதோடு 9 சேர்த்தால் அழுத்தம் 15 மி.மீ. பாதரசம். ஆரோக்கியமான கண். இப்போது சல்லடை பாதி அடைபட்டு வ 0.15 ஆகட்டும். அழுத்தம் 21. இன்னும் அடைபட்டு வ 0.1 ஆனால் 27. முதலில் பாதி வடிதிறன் போனபோது ஏறியது ஆறு புள்ளிதான். அதன் பிறகு ஒரு சிறு அடைப்புக்கே இன்னொரு ஆறு. வகுக்கும் எண் சிறியதாகச் சிறியதாக விடை எப்படித் தாவும் என்பது கணித மாணவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இதில் அ, ந இரண்டையும் நேரடியாக அளக்கலாம். வ-வை எப்படி அளப்பது? 1950-ல் அமெரிக்காவின் மார்ட்டன் கிரான்ட் ஒரு வழி சொன்னார். கண்மேல் ஒரு சிறு எடையை வைத்து நான்கு நிமிஷம் காத்திருந்து, அழுத்தம் எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்று பார்த்து வடிதிறனைக் கணக்கிட்டார். குளுக்கோமா நோயாளிகளிடம் குறைந்திருந்தது அந்த வடிதிறன்தான். உ-வை அளக்க, ஃப்ளோரசீன் என்ற ஒளிரும் சாயத்தைக் கண்ணில் விட்டு அது எவ்வளவு நேரத்தில் கரைந்து மறைகிறது என்று பார்த்தார்கள். இராத்திரி நாம் தூங்கும்போது ஊற்று ஏறக்குறையப் பாதியாகிவிடுகிறது என்பது இப்படித்தான் தெரியவந்தது. கண்ணைத் திறக்காமலே உள்ளே நடப்பதை எண்ணாகச் சொல்ல முடிந்தது. கணித மாடல் என்று பெரிய வார்த்தை சொல்வது இதைத்தான்.

எழும்பூரில் போட்ட துளை

இந்த வரலாற்றில் நம் பங்கு என்ன என்று தேடினேன். தேடியது வீண் போகவில்லை. மதராஸ் கண் ஆஸ்பத்திரி 1819-ல் தொடங்கப்பட்டது; உலகின் மிகப் பழைய கண் ஆஸ்பத்திரிகளில் ஒன்று. இன்று நாம் எழும்பூர் கண் ஆஸ்பத்திரி என்று சொல்வது அதைத்தான். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதன் கண்காணிப்பாளராக இருந்தவர் ராபர்ட் ஹென்றி எலியட் என்ற இராணுவ மருத்துவ அதிகாரி.

அந்நாளில் குளுக்கோமாவுக்கு இருந்த முக்கிய சிகிச்சை, 1857-ல் ஜெர்மனியின் கிரேஃப் அறிமுகப்படுத்திய, ஐரிஸில் ஒரு துண்டை வெட்டி எடுக்கும் அறுவை. திடீரென்று வலியோடு வரும் வகைக்கு அது கைகொடுத்தது. சத்தமில்லாமல் வரும் வகைக்கு அவ்வளவாகக் கைகொடுக்கவில்லை. எலியட் 1909-ல் வேறு வழி எழுதினார். கருவிழியும் வெள்ளை விழியும் சேரும் விளிம்பில், டிரிஃபைன் என்ற சிறு வட்டக் கத்தியால் ஒரு துளை போட்டு, மேல்தோலால் மூடிவிடுவது. நீர் துளை வழியே கசிந்து தோலுக்கடியில் பரவி வடிந்துவிடும். மதராஸில் நோயாளிகளுக்குக் குறைவில்லை. செய்து செய்து முறையைச் செம்மைப்படுத்தி 1913-ல் தனிப் புத்தகமாகவே வெளியிட்டார். எலியட் அறுவை என்ற பெயரோடு அது பல நாடுகளுக்கும் போயிற்று.

நம் சமன்பாட்டின் கண்ணால் பார்த்தால் எலியட் செய்தது என்ன? வ-வைக் கூட்டினார். அடைபட்ட மடையைத் தோண்டாமல் பக்கத்தில் புதிய மடை வைத்தார். கோல்ட்மேன் சமன்பாடு எழுதுவதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே! ஆனால் கணக்கு இல்லாமல் வைத்த மடைக்கு ஒரு குறையும் உண்டு. துளை சில கண்களில் அளவுக்கு மேல் வடித்துவிடும். அழுத்தம் அதிகமாக இறங்கினாலும் கண்ணுக்குக் கேடு. மூடியிருக்கும் தோல் மெலிந்து, வருஷங்கள் கழித்துக் கிருமி புகுவதும் உண்டு. 1968-ல் இங்கிலாந்தின் கெய்ர்ன்ஸ், துளைக்கு மேல் வெள்ளை விழியின் ஒரு மெல்லிய கதவை வைத்துத் தைக்கும் முறையைக் கொண்டுவந்தார். மடைக்கு ஷட்டர் போட்டது போல. அதற்குப் பின் எலியட் அறுவை மெல்ல ஓய்ந்தது.

நம் பக்கத்து மனிதர்

அதே எழும்பூர் ஆஸ்பத்திரியில் 1951-ல் கண் மருத்துவப் பட்டம் முடித்தவர் டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி. எட்டயபுரம் பக்கத்து வடமலாபுரத்தில் 1918-ல் பிறந்தவர். நமக்குப் பக்கத்து ஊர்க்காரர் என்றே சொல்லிக்கொள்ளலாம். மூட்டுவாதத்தால் விரல்கள் கோணிப்போன பிறகும் அறுவைக் கத்தியைப் பிடிக்கப் பழகியவர். அரசு வேலையில் ஓய்வு பெற்ற பிறகு 1976-ல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். 1988-ல் அது திருநெல்வேலிக்கும் வந்தது. 2006-ல் அவர் மறைந்தார்.

அவர் நிறுவனத்தின் ஆய்வுகளில் நம்மைத் தொடும் ஒன்று உண்டு. மதுரை, திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களின் கிராமங்களில் 40 வயதைத் தாண்டிய 5,150 பேரின் கண்களைப் பரிசோதித்து, குளுக்கோமா பற்றிய முடிவுகளை 2003-ல் வெளியிட்டார்கள். அப்போது சங்கரன்கோவில் திருநெல்வேலி மாவட்டத்தில்தான் இருந்தது. தென்காசி மாவட்டம் பிரிந்தது 2019-ல். முடிவு இது: நூற்றுக்கு 2.6 பேருக்குக் குளுக்கோமா. அவர்களில் முதன்மைத் திறந்த கோண வகை கண்டறியப்பட்டவர்களில் 93 சதவீதம் பேருக்குத் தங்களுக்கு அந்த நோய் இருப்பது அதுவரை தெரியாது. இந்த வரியைப் படித்தபோது என் அப்பாவை நினைத்துக்கொண்டேன். அவர் தனி ஆள் இல்லை.

1992-ல் அதே குழுவினர் மதுரையில் தொடங்கிய ஆரோலேப், 2013-ல் ஆதி என்ற சிலிகான் வடிகால் கருவியைக் கொண்டுவந்தது. மற்ற அறுவைகள் கைகொடுக்காத கண்களுக்கான சிறு குழாயும் தட்டும் அது. வெளிநாட்டுக் கருவிகளைவிட விலை மிகக் குறைவு. இதிலும் நம் பாடம் வருகிறது. குழாயின் உள்விட்டம் சுமார் 0.3 மி.மீ. பாய்சுல் விதிப்படி 10 மி.மீ. நீளத்துக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நிமிஷத்துக்கு 2.5 மைக்ரோலிட்டர் ஓட, தேவைப்படும் அழுத்த வித்தியாசம் 0.01 மி.மீ. பாதரசம்தான். அதாவது தடையே இல்லை! அப்படியே விட்டால் கண் வற்றிவிடும். அதனால்தான் தானே கரையும் நூலால் குழாயைக் கட்டிவைக்கிறார்கள். சில வாரங்களில் தட்டைச் சுற்றித் திசு வளர்ந்து உறை போட்டுக்கொள்ளும். நூல் கரையும்போது அந்த உறை தடையாக நிற்கும். விட்டத்தின் நான்காம் அடுக்கில் தடை மாறும் என்று தேர்வுக்காக மனப்பாடம் செய்தோமே, அதன் அர்த்தம் இங்கே இருக்கிறது. அதே குழாயை 0.05 மி.மீ. ஆக்கினால், அதாவது ஆறில் ஒரு பங்கு ஆக்கினால், தடை 1,296 மடங்கு ஏறும். வித்தியாசம் 14 மி.மீ. பாதரசம் வரை போய்விடும்.

ஒரு சொட்டு மருந்தும் அப்பாவும்

அப்பாவுக்கு அறுவை வேண்டியிருக்கவில்லை. இராத்திரி படுக்கும்முன் இரண்டு கண்ணிலும் ஒவ்வொரு சொட்டு. அவ்வளவுதான். இரண்டு வருஷம் போட்டார். 2018 தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது பார்த்தால், ஃபிரிட்ஜில் மருந்துப் பாட்டில் பிரிக்காமல் இருக்கிறது.

"யப்பா, மருந்து போடலியா?"

"என்னத்துக்குப் போடணும்? வலியும் இல்ல. போட்டதுனால பார்வை கூடவும் இல்ல. மாசாமாசம் துட்டுதான் போகுது."

கோபம் வந்தது. ஆனால் அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. காய்ச்சலுக்கு மாத்திரை போட்டால் காய்ச்சல் விடுகிறது. வலிக்காத நோய்க்கு, பலன் தெரியாத மருந்தை, ஆயுள் முழுக்கப் போடு என்றால் யார் போடுவார்? அப்பா படித்தது ஐந்தாம் வகுப்பு. ஒரு பழைய பிளாஸ்டிக் வாளியை எடுத்து வந்தேன். அடியில் ஆணியால் ஒரு துளை போட்டேன். முற்றத்துக் குழாயைச் சிறிதாகத் திறந்து அடியில் வாளியை வைத்தேன். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் ஒரு மட்டத்தில் நின்றது. ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. பிறகு துளையில் தீக்குச்சியைச் செருகிப் பாதி அடைத்தேன். மட்டம் மெல்ல ஏற ஆரம்பித்தது.

"இதுதாம்ப்பா உங்க கண்ணு. குழாயை மூட முடியாது. மூடினா கண்ணுக்குச் சாப்பாடு இல்ல. துளை அடைஞ்சு போச்சு. தண்ணி ஏறுனா உள்ள இருக்குற நரம்பு நசுங்குது. வலிக்காது. நீங்க போடுற மருந்து பக்கத்துல இன்னொரு துளை போடுது. நாளைக்கு நிறுத்துனா அந்தத் துளை மூடிக்கும்."

அப்பா வாளியையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்போ இடது கண்ணுல தண்ணி ரொம்பி எத்தனை வருஷம் ஆச்சு?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அன்று இராத்திரி அவரே பாட்டிலைப் பிரித்தார்.

அவருக்குக் கொடுத்தது பக்கவழியை, அதாவது ப-வைக் கூட்டும் மருந்து. அந்த வகையில் பெயர் பெற்ற லட்டனோபிராஸ்ட் 1996-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மாதிரிக் கணக்கில் வ 0.1 ஆகி அழுத்தம் 27-ல் நின்ற கண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். ப-வை 0.7-லிருந்து 1.5 ஆக்கினால் அழுத்தம் 19. டிமோலால் போன்ற மருந்துகள் வேறு பக்கமிருந்து வருகின்றன. அவை உ-வைக் குறைக்கின்றன. உ 2.5-லிருந்து 1.75 ஆனால் அழுத்தம் 19.5. கண் டாக்டர்கள் எழுதித்தரும் ஒவ்வொரு சொட்டு மருந்தும் இந்த ஒரு வரியின் ஏதோ ஓர் எழுத்தைத் தொடுகிறது.

கணக்குக்கு அப்பால்

சமன்பாடு எல்லாவற்றையும் சொல்லிவிடாது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். அழுத்தம் அளவுக்குள் இருந்தும் சிலருக்கு நரம்பு தேய்கிறது. அழுத்தம் ஏறியிருந்தும் சிலர் தப்பிக்கிறார்கள். ஆகவே அழுத்தத்தை மட்டும் அளந்தால் போதாது. கண் நரம்பையும் பக்கப் பார்வையையும் பார்க்க வேண்டும். கணக்கும் வளர்ந்துகொண்டே இருக்கிறது. கருவிழி வெளிக்காற்று பட்டு ஐரிஸைவிடச் சற்றுக் குளிர்ந்திருப்பதால், முன்னறை நீர் ஐரிஸ் பக்கம் ஏறி, கருவிழிப் பக்கம் இறங்கிச் சுழல்கிறது. உலைநீர் கொதிக்கும்முன் சுழல்வது போலத்தான். அந்தச் சுழற்சியைச் சமன்பாடுகளால் கணக்கிட்ட கட்டுரைகள் 2002-ல் வந்தன. கணிதம் படிக்கும் தம்பி தங்கைகளே, "இதைப் படிச்சு என்ன பண்ண?" என்று யாராவது கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

கடைசியாக என் கதை. குளுக்கோமா இரத்த உறவில் வரும். அப்பா அம்மாவுக்கோ கூடப்பிறந்தவர்களுக்கோ இருந்தால் நமக்கு வாய்ப்புப் பல மடங்கு அதிகம். "பையனும் பார்த்துக்கணும்" என்று டாக்டர் 2016-லேயே சொன்னார். அப்பாவுக்கு வாளி வைத்துப் பாடம் நடத்திய நான், என் கண்ணைப் பரிசோதிக்க ஆறு வருஷம் தள்ளிப் போட்டேன். 2022-ல் போனேன். அழுத்தம் எல்லையை ஒட்டி இருக்கிறது. நரம்பு நன்றாக இருக்கிறது. வருஷத்துக்கு ஒருமுறை வரச் சொல்லியிருக்கிறார்கள். தவறாமல் போகிறேன்.

சந்திப்புக்கு வரும் நம் பழைய மாணவர்களில் நாற்பதைத் தாண்டியவர்களே அதிகம். கோமதியம்மனைக் கும்பிட்டுவிட்டு நீங்கள் ஊர் திரும்பும்போது ஒரு கண் ஆஸ்பத்திரி வாசலையும் மிதித்துவிடுங்கள். கண்ணாடி பவர் பார்ப்பதோடு எழுந்துவிடாதீர்கள். "பிரஷரும் நரம்பும் பாருங்க" என்று வாய்விட்டுக் கேளுங்கள். கண் உறுத்தலுக்கு மருந்துக்கடையில் தானாக வாங்கி ஸ்டீராய்டு சொட்டு மருந்தை மாதக்கணக்கில் போடாதீர்கள். அதுவும் சல்லடையை அடைக்கும்.

அப்பா இப்போது தறிக்குப் போவதில்லை. வலது கண் 2016-ல் இருந்த அளவிலேயே நிற்கிறது. இராத்திரி ஒன்பது மணிக்குப் போன் செய்தால், "போட்டாச்சுலே, போட்டாச்சு" என்று நான் கேட்கும்முன் சொல்லிவிடுகிறார். துளை போட்ட அந்த வாளியில் அம்மா கறிவேப்பிலைக் கன்று வைத்திருக்கிறார்கள்.